கருட சேவை அன்று ஏறாத கோடு

நம் ஆபீஸ் மீட்டிங் ரூமில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு வட்டக் காகிதம் மாட்டியிருக்கிறதே, அது என்ன என்று புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், "அது சாரோட ஈசிஜி" என்று பதில் சொல்லிவிட்டார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான், முழுச் செவிடு இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த வாரம் என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடிக்கு வேறு சாட்சி கிடையாது.

ரிட்டையர் ஆன ஆளிடம் மைக்கைக் கொடுத்தால் அது சீக்கிரம் திரும்பி வராது. பயப்படாதீர்கள், ஒரே ஒரு கதைதான். ஜன்னலை எந்தத் திசையில் வைப்பது, கூரைக்கு எவ்வளவு சரிவு கொடுப்பது என்பதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும். கையில் பேனாவைக் கொடுத்து, "உங்க கட்டடம் தோத்துப்போச்சு, கையெழுத்துப் போடுங்க" என்று நாலு பேர் சுற்றி நின்றால் என்ன செய்வது என்று அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காஞ்சிபுரத்தை ஒட்டி முசரவாக்கத்தில் ஒரு கட்டடம். கட்டச் சொன்னவர் வைதேகி, சின்ன காஞ்சிபுரத்துக்காரர். வரதர் கோயிலுக்கு மூன்றாவது தெருவில் வீடு, அப்பா சமஸ்கிருத வாத்தியார். மகள் படித்ததோ இழைகளும் பிசின்களும். டாக்டர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் பல வருடம் ஆராய்ச்சி செய்துவிட்டு, நாற்பது வயதில் ஊர் திரும்பினார். கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் துணியாக நெய்து, அந்தத் துணியை அடுக்கிப் பிசின் ஊற்றி, அழுத்தித் தகடாக்குவது அவர் திட்டம். அந்தத் தகட்டில் செயற்கைக் கால் செய்தால் கனம் தெரியாது, போட்டுக்கொண்டு ஓடலாம். தொழிற்சாலையும் ஆராய்ச்சிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டும் என்றார்.

முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "சார், இன்னிக்கு ஏழு தறி. அடுத்த வருஷம் என்ன மெஷின் வரும்னு எனக்கே தெரியாது. எது வந்தாலும் சுவத்தை இடிக்கக் கூடாது. கரண்ட்டும் இந்தப் பக்கம் கொஞ்சமாத்தான் குடுப்பாங்க. அதையும் மெஷினுக்குத்தான் வெச்சுக்கணும், ஏசிக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்க முடியாது."

இப்படிக் கேட்கிற ஆள் கிடைக்க ஒரு கட்டடக்காரன் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆசை ஆசையாக வரைந்தேன். நடுவில் தூணே இல்லாத நீளமான கூடம். கூரையில் வடக்கு பார்த்த கண்ணாடி, வெளிச்சம் வரும், வெயில் வராது. உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். வாட்ச்மேன் பொழுது சாய்ந்ததும் திறந்து வைப்பார், விடிந்ததும் மூடிவிடுவார், இரவுக் குளிர்ச்சி சுவரிலும் தரையிலும் தங்கும். உள்ளே இருக்கும் அறைகளின் சுவர் எல்லாம் போல்ட்டில் நிற்கும் பலகைகள். ஸ்பானர் இருந்தால் போதும், அறையே இடம் மாறும். தரைக்குக் கீழே, கூடத்தின் நீளத்துக்கும் முழங்கால் ஆழத்தில் ஒரு கால்வாய், மேலே இரும்பு மூடிகள். மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியே குளிர்ந்து வரும் காற்று அதில்தான் ஓடும். கேபிளும் அதில்தான். மெஷினை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பக்கத்து மூடியைத் திறந்தால் காற்றும் கரண்ட்டும் கிடைக்கும். அந்தக் கால்வாய் போய் முடியும் இடத்தில் பிசின் அறை.

எலெக்ட்ரிகல் வேலை முழுக்க சாமுவேல் கையில் இருந்தது. ஐயம்பேட்டைக்காரர், என் வயது. அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். மகன் ஒயரிங் கற்று, லைசென்ஸ் வாங்கி, ஆறு பேரை வைத்து வேலை வாங்கினார். அந்த சைட்டில் என்னைக் கேலி செய்யும் தைரியம் அவருக்கு மட்டும்தான். கால்வாயின் டிராயிங்கைப் பார்த்துவிட்டு, "சார், கேபிள நான் அடியில போட மாட்டேன். கால்வாயோட பக்கச் சுவத்துல தட்டு அடிச்சி மேலாப்ல கொண்டாருவேன். நீங்க கோச்சிக்கினாலும் சரி" என்றார். வீண் செலவு என்று நான் கோபித்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, தட்டு அடித்துவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெசவுக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து பட்டுத்தறி ஓட்டிய ஏழு பேர் வந்தார்கள். ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். அவர்களுக்கு மேஸ்திரி போல முன்னே நின்றவர் கன்னியம்மா. ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, கணீர்க் குரல். தலைமுடியைவிட மெல்லிய இழை அறுந்தாலும் விரல் பட்டதும் சொல்லிவிடுவார். தறி மட்டும் இங்கே மோட்டாரில் ஓடும் புதுத் தறி. அதை நான்கே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

திறப்பு நாளன்று எல்லாரையும் அழைத்துக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலைக் காட்டினேன், கூரையைக் காட்டினேன். கால்வாய் மூடியைத் திறந்து காட்டி, தறிக்காரர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே புரியவைக்கிறேன் பேர்வழி என்று, "இது ஒண்ணும் புதுசில்லம்மா. உங்க வீட்டுத் தறிக்குழி மாதிரிதான்" என்றேன். கைத்தறிக்கு அடியில், நெசவாளர் காலை விட்டு மிதிக்கத் தரையில் வெட்டும் குழிதான் தறிக்குழி. கன்னியம்மா குனிந்து கையை விட்டுப் பார்த்தார். "அட, ஆமாம் சார்! ஜில்லுன்னு இருக்குது!" என்று முகம் மலர்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து வைதேகி போன் செய்தார். முதல் சோதனைத் தகடுகளில் கொப்புளம். அம்மைத் தழும்பு போலத் தகட்டுக்குள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள். அப்படிப்பட்ட தகட்டில் கால் செய்தால், ஓடுகிறவர் நடு ரோட்டில் கால் முறிந்து விழுவார். பிசின் கலவையை மாற்றினார், இரண்டாம் முறையும் கொப்புளம். காரணம் அவருக்குத் தெரிந்துவிட்டது: பிசின் அறையில் ஈரம். அறையில் ஒரு சின்ன ஈரம் உறிஞ்சும் மெஷின் இருந்தது. அதையும் மீறி எங்கிருந்தோ ஈரம் வந்துகொண்டிருந்தது.

செயற்கைக் கால் செய்யும் ஒரு நிறுவனம் மூன்று முறை தகட்டைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டு முறை முடிந்துவிட்டது. மூன்றாவது, அடுத்த புதன்கிழமை. அதிலும் கொப்புளம் வந்தால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். வேறு யாரும் வைதேகியைத் தேடி வரவில்லை. புதன்கிழமை தவறினால் கூடத்தை மூடிச் சாவியை மாட்ட வேண்டியதுதான். கன்னியம்மா உட்பட எல்லாருக்கும் இது தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன். வைகாசி வெயில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வைதேகியின் மேசையைச் சுற்றி, அழுத்தும் மெஷினைக் கொடுத்த கம்பெனியின் ஆலோசகர், அவர் உதவியாளர், வைதேகி, சாமுவேல். மேசை மேல் ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. இரவில் ஜன்னல் திறக்கும் ஏற்பாடு இந்த வேலைக்கு ஒத்துவராது, அதனால்தான் ஈரம் நுழைகிறது, ஜன்னல்களை அடைத்துக் கட்டடம் முழுக்க ஏசி போடச் சம்மதிக்கிறேன் என்று நான் எழுதியதாக அந்தக் கடிதம்.

"சார், ராத்திரி காத்து, மண்ணுக்கடியில குழாய், இதெல்லாம் கேக்க நல்லா இருக்கும்," என்றார் ஆலோசகர். "நான் உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா கையெழுத்துப் போட்டாத்தான் நாளைக்குக் காலைல ஆள் வந்து ஜன்னலை அடைக்க முடியும்."

"ஏசிக்குக் கரண்ட்டு?" என்று சாமுவேலைப் பார்த்தேன்.

"ஏழு தறியில நாலை நிறுத்தணும் சார். பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எழுதிப் போட்டு அது பாட்டுக்குத் தூங்கிக்கினு இருக்குது."

நாலு தறியை நிறுத்தினால் நாலு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். வைதேகி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பதற்றம் வந்தால் மட்டும் அவர் வாயில் வீட்டுப் பேச்சு வரும். "என்னை நம்ப வெச்சுட்டேளே சார்" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வாக்கியம் என்னை அறுத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன், உண்மையாகச் சொல்கிறேன், போட்டிருப்பேன்.

கையை நிறுத்தியது ஒரு பழைய ஞாபகம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் அம்மா ஒருவர் உண்டு. பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்து திட்டுவார், அதனால் சொல்லவில்லை. எந்தக் கட்டடத்தைப் பற்றிப் புகார் வந்தாலும் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு அங்கே போய், காலையிலிருந்து சாயந்திரம் வரை சும்மா உட்கார்ந்திருப்பார். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். "டாக்டர் நோயாளியப் பாக்காம இறப்புச் சான்று குடுப்பாரா? அப்புறம் நீ மட்டும் ஏன் குடுக்கிற?" என்று கேட்பார்.

பேனாவை மூடினேன். "இந்த வாரத்து ஈரப்பத சார்ட்டைக் காட்டுங்க" என்றேன்.

பிசின் அறையில் ஒரு பதிவுக் கருவி இருந்தது. வட்டமான காகிதம் வாரத்துக்கு ஒரு சுற்று மெல்லச் சுழலும், பேனா முள் அதன் மேல் கோடு போட்டுக்கொண்டே வரும். ஈரம் ஏறினால் கோடு மேடாகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். அன்று எடுத்த காகிதத்தை வைதேகி என் முன்னால் வைத்தார். சோதனைக் காலம் என்பதால் ஞாயிறும் வேலை நடந்த வாரம் அது. தினமும் காலை ஏழு மணிக்கு மேடு எழும்பி, ஒன்பது மணிக்கு உச்சிக்குப் போய், மத்தியானம் இறங்கியது. ஒன்பது மணிக்குத்தான் இவர்கள் பிசின் ஊற்றுவார்கள். ஒரு மேடு, இரண்டு மேடு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழு நாளுக்கு ஆறு மேடுதான் இருந்தது. வியாழக்கிழமை இடத்தில் மட்டும் கோடு தரையோடு தரையாகப் போயிருந்தது.

"வியாழக்கிழமை என்ன ஆச்சு?"

"முள்ளு சிக்கிக்கினு இருக்கும் சார்," என்றார் சாமுவேல்.

ஆலோசகரும் தலையாட்டினார். நானும் அதையேதான் நினைத்தேன். வைதேகி மட்டும் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். "முந்தாநாள் ராத்திரி லேசா ஏறி இறங்கியிருக்கு பாருங்கோ. முள் நன்னாத்தான் ஓடியிருக்கு. நேத்திக்கு கருட சேவை. நானே லீவு விட்டேன். யாரும் வேலைக்கு வரலை."

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசியில் வரதர் கருடன் மேல் ஏறிக் கோபுர வாசலைத் தாண்டும் அந்தக் காலையில் ஊரில் ஒருத்தரும் வேலைக்குப் போக மாட்டார்கள்.

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. "வாட்ச்மேன்? அவரும் லீவா?"

"அவர் எங்க போவாரு, கேட்டுலயேதான் இருந்தாரு," என்றார் சாமுவேல். "நேத்தும் ஜன்னல எப்பவும் போலத் தொறந்தாரு, எப்பவும் போல மூடினாரு. காலைல நான் வந்து டீ வாங்கிக் குடுத்தேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அடேயப்பா."

ஜன்னல் திறந்தது, ஈரம் வரவில்லை. ஆட்கள் வரவில்லை, ஈரமும் வரவில்லை. அப்படியானால் ஈரத்தை ஜன்னல் கொண்டுவரவில்லை. கட்டடத்துக்குள் வரும் யாரோ காலை ஏழு மணிக்கு ஏதோ செய்கிறார்கள். என்ன என்றுதான் தெரியவில்லை.

"ஒரு நாள் குடுங்க," என்றேன். "நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா நானே வந்து ஜன்னலை அடைக்கிறேன்." ஆலோசகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வைதேகி கடிதத்தை எடுத்து டிராயருக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு சாமுவேல் வீட்டு ஸ்டூலோடு கூடத்தின் மூலையில் பிசின் டிரம்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவரும் கூட உட்கார்ந்தார். "நாளிக்கு ஞாயித்துக்கெழமையும் வேலை வெச்சீங்கன்னா பாஸ்டர் என்னைச் சும்மா விட மாட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வாட்ச்மேன் ஜன்னல்களை மூடிவிட்டுப் போனார். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. முதலில் கன்னியம்மா வந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். அவருக்குப் பின்னால் ஆறு பேர். ஆளுக்கொரு குடம்.

கன்னியம்மா செருப்பை வாசலிலேயே விட்டார். தன் தறிக்குக் கீழே இருந்த கால்வாய் மூடியை ஒரு கம்பியால் நெம்பித் திறந்தார். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குடத்தைச் சாய்த்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், தண்ணீர் முழுவதையும் உள்ளே ஊற்றினார். மூடியைப் போட்டார். மற்ற ஆறு பேரும் அவரவர் தறியடியில் அதையே செய்தார்கள். ஏழு குடம் தண்ணீர், காற்று ஓடும் கால்வாயில், நேராகப் பிசின் அறைக்கு.

சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் கால்வாயில் கேபிள் ஓடுகிறது. அவர் மட்டும் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அடியில் போட்டிருந்தால், இந்த ஏழு பேரில் யாராவது ஒருவர் முதல் நாளே செத்திருப்பார். கொப்புளமும் கடிதமும் மறந்துபோய்விட்டன.

எழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. "என்னம்மா பண்றீங்க நீங்க எல்லாம்? யார் ஊத்தச் சொன்னது?" என்று கத்தினேன். கூடமே அதிர்ந்தது.

கன்னியம்மா வெலவெலத்துப் போகவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதான சார் சொன்னீங்க?"

"நானா?"

"தொறப்பு அன்னிக்கி. இது எங்க வூட்டுத் தறிக்குழி மாதிரிதான்னு. தறிக்குழின்னா வெயில் காலத்துல தண்ணி தெளிக்காம எப்டி சார்? குழி காஞ்சா பாவு நூலு காஞ்சிடும், இழை பொட்டு பொட்டுன்னு அறுந்துக்கினே கெடக்கும். சின்ன வயசுலேர்ந்து செஞ்சிக்கினு வரோம். இங்க தறி பெருசு, குழியும் பெருசு. அதான் தெளிச்சாப் பத்தாதுன்னு ஆளுக்கு ஒரு கொடம் ஊத்திக்கினு இருக்கோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அடுத்தவங்க வேலன்னு சும்மா வுட்டமா? நம்ம எடம்னு நெனச்சித்தான் செஞ்சோம்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு அந்த ஸ்டூல் தேவைப்பட்டது, உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. சாமுவேல் மட்டும் அந்தச் சமயத்திலும் விடவில்லை. "சார் வாயில வந்தத நீங்க கொடத்துல புடிச்சி ஊத்திட்டீங்கம்மா" என்றார்.

என் மனது எவ்வளவு லேசானது என்று எப்படிச் சொல்வது! கட்டடம் தோற்கவில்லை. ஜன்னலும் குழாயும் சுவரும் சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தன. நான்தான் சொல்லக் கூடாததைச் சொல்லியிருந்தேன். தறிக்குழி என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தது அதன் வடிவமும் குளிர்ச்சியும். கன்னியம்மாவுக்கோ அதோடு சேர்ந்து தினப்படி வேலை ஒன்றும் வந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

தப்பு என் மேல் என்று அந்த ஏழு பேரிடமும் அங்கேயே சொன்னேன். பிறகு விளக்கினேன், இந்த முறை உவமானம் எதுவும் இல்லாமல். இந்த இழை பட்டு இல்லை, இதற்கு ஈரம் வேண்டாம். இந்தக் காற்று பிசின் அறைக்குப் போகிறது, ஈரம் பட்டால் பிசின் கொப்புளிக்கும். இதில் கரண்ட் ஓடுகிறது, தண்ணீர் பட்டால் ஆள் போய்விடும். கன்னியம்மாவின் முகம் கடைசியில்தான் மாறியது. "கரண்ட்டா?" என்றார். பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

இனி வேலை. கால்வாய் முழுவதும் காய வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும். எங்களுக்கு இருந்தது நாலே நாள். இங்கேதான் வைதேகி முதல் நாள் கேட்டது என்னைக் காப்பாற்றியது. பிசின் அறையின் சுவர்கள் போல்ட்டில் நிற்கும் பலகைகள்தானே? கால்வாய் போகாத வடகிழக்கு மூலைக்கு அறையையே தூக்கிப் போகலாம் என்றேன். வைதேகி ஒரு கணம் யோசித்தார். "ஈரம் உறிஞ்சற மெஷின் மட்டும் போறுமா?" என்று கேட்டார். கால்வாய்க் காற்று இல்லையென்றால் போதும், ஆனால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்குப் புழுங்கும் என்றேன். "புழுங்கட்டும்" என்றார்.

மெயினை அணைத்துவிட்டுக் கால்வாயைத் துடைத்தோம். சாமுவேல் எல்லாருக்கும் ஸ்பானர் கொடுத்தார். போல்ட்டைக் கழற்றியதில் பாதி அந்த ஏழு பேர்தான். விரல் நுனியில் அவர்களுக்கு இருந்த பொறுமை என் ஆட்களுக்கு இல்லை. சனிக்கிழமை சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே அறை வடகிழக்கு மூலையில் நின்றது. ஒரு செங்கல்கூட உடைக்கவில்லை. ஆலோசகர் வந்து பார்த்தார். அவரும் நல்ல மனிதர்தான், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசிப் பலகையை அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

திங்கட்கிழமை பிசின் ஊற்றினார்கள். சார்ட்டில் கோடு ஏறவில்லை. அதைப் பார்த்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் தகடு இறுகிக் காய இரண்டு நாள் ஆகும்.

புதன்கிழமை காலை செயற்கைக் கால் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு இடது கால் செயற்கைக் கால், பழைய மாதிரி, கனமானது. கூடத்தில் அவர் நடந்து வரும்போது இரும்பு மூடிகளின் மேல் டக், டக் என்று சத்தம் கேட்டது. அவர் உட்காரவில்லை. "தகட்டைப் பாக்கலாமாங்க?" என்றார்.

வைதேகி தகட்டை எடுத்தார். பார்க்கத் தைரியம் இல்லாமல் கன்னியம்மாவிடம் நீட்டினார். கன்னியம்மா அதைக் கூரைக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கண்ணாடி இழைத் தகடு, வெளிச்சம் ஊடுருவும். சேலையில் பழுது பார்ப்பது போல ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, வரி வரியாக, அவசரமே படாமல் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனார், போனார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றார். "சுத்தமா இருக்குது."

செயற்கைக் காலோடு வந்தவர் தகட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பார்த்தார், விரல் முட்டியால் தட்டினார், வளைத்தார், கையில் வைத்து எடையை உணர்ந்தார். பிறகு குனிந்து, தகட்டைத் தன் கால்சட்டைக்கு மேல், அந்தப் பழைய காலோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "எனக்கு முதல்ல ஒண்ணு பண்ணிக் குடுங்கம்மா" என்றார். வைதேகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். ஆலோசகர் சாமுவேலைக் கட்டிப்பிடித்தார்.

பிள்ளைகளே, கட்டடம் கட்டி முடித்ததும் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தினமும் காலையில் முதலில் கதவைத் திறப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் போய், எது மாதிரி என்று சொல்லாதீர்கள், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, ஏன் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு, "இதுவரைக்கும் உங்க இடத்துல நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது ஒன்றுதான். அப்புறம், உங்கள் கோபத்துக்குப் பணியாத எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

புதன்கிழமை கதையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வந்தவர்கள் கிளம்பிப் போனதும் கூடத்தின் ஓரத்தில் சாமுவேல் வீட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். கன்னியம்மா வந்து எதிரே நின்றார். இடுப்பில் குடம், நிறையத் தண்ணீரோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க சார்," என்று சிரித்தார். "பழக்க தோசம், காலைல மொண்டுக்கினு வந்துட்டேன். வாசல் வந்தப்புறம்தான் நெனப்பு வந்திச்சி. குழியில ஊத்தக் கூடாதுன்னிட்டீங்க, தூக்கிப் போடவும் மனசு வரல." ஒரு சொம்பில் சாய்த்து என் கையில் கொடுத்தார். "நீங்களே குடிச்சிடுங்க. வாய் காஞ்சி கெடக்குது உங்களுக்கு."

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்து என் நாக்கு உலர்ந்தேதான் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றேன்.